எம்.சி.பி. போட்டாச்சு, அப்புறம் என்ன?

"எங்க வீட்டுல எல்லாம் எம்.சி.பி. போட்டாச்சு, பயமே இல்லை" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? "ஆமா, லேசா இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் பலர். மெயின் பெட்டிக்குள் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக 'விழுந்து' சர்க்கியூட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) நிமிர்ந்து நிற்கிறது, மெஷினின் தகட்டில் கரண்ட் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இது எப்படி என்று புரிந்துவிட்டால், எதை வாங்கிப் போடுவது, எதை முதலில் சரிசெய்வது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

குழப்பத்துக்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் "மின்கசிவே காரணம்" என்றுதான் செய்தி வரும். ஆனால் கசிவு என்பது நான்கு கோளாறுகளில் ஒன்று. வயர் தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்டை இழுப்பது ஓவர்லோட். லைனும் நியூட்ரலும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்வது ஷார்ட். நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்ட் தகடு, ஈரச்சுவர், மனித உடம்பு என்று வேறு வழி பிடித்து மண்ணுக்குப் போவதுதான் கசிவு. இந்த மூன்றும் இல்லாமல், ஸ்குரு சரியாக இறுகாத இடத்தில் சூடு ஏறிக் கருகுவது லூஸ் கனெக்‌ஷன். ஒன்றைப் பிடிக்கும் கருவி இன்னொன்றைக் கண்டுகொள்ளாது. அதனால் "எம்.சி.பி. நல்லதா, கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி. நல்லதா" என்று கேட்பது, வீட்டுக்குப் பூட்டு நல்லதா கூரை நல்லதா என்று கேட்பது போலத்தான்.

வயருக்குக் காவல்

பழைய ஃபியூஸ் கட்டையை முதலில் பார்த்து முடித்துவிடலாம். கட்டையில் தவறில்லை, அதில் கம்பி கட்டும் கையில்தான் தவறு. ராத்திரி ஃபியூஸ் போனதும், கைக்குக் கிடைத்த வயரிலிருந்து நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். அன்றோடு அது ஃபியூஸ் இல்லை, வெறும் செம்புத் துண்டு. சரியான கம்பியே கட்டினாலும், அது உருக, குறித்த ஆம்பியரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். மாற்றிவிடுவது நல்லது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அந்த இடத்துக்கு வருவது எம்.சி.பி. ஒரே பெட்டிக்குள் இரண்டு காவல். இரட்டை உலோகப் பட்டை ஒன்று சூட்டில் மெல்ல வளைந்து ஓவர்லோடைத் துண்டிக்கும். ஒரு காந்தச் சுருள் ஷார்ட்டின்போது நொடியின் சிறு பகுதியில் இழுத்துவிடும். 1924-ல் ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் காப்புரிமை பெற்ற யோசனைதான் இன்றும் நம் பெட்டிகளில் இருக்கிறது. அதன் முகத்தில் சி16 என்று எழுதியிருந்தால், 16 ஆம்பியர் தாண்டிய நொடியே விழும் என்று நினைத்துவிடக் கூடாது. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் போனாலும் அது விழாமல் இருக்கலாம். 23 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். உடனடியாக விழ, 'சி' வகைக்கு 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் தேவை. 'பி' வகைக்கு 3 முதல் 5 மடங்கு போதும். விளக்கு, சாதாரண பிளக் பாயின்ட் போன்றவற்றுக்கு 'பி' நல்ல தேர்வு. ஆன் செய்ததும் ஒரு கணம் அதிகக் கரண்ட் இழுக்கும் மோட்டார், ஏ.சி. வகையறாவுக்கு 'சி'.

இந்தக் கணக்கு எல்லாமே வயருக்காகப் போட்டது. வயரின் பி.வி.சி. உறை தாங்கும் சூடு பொதுவாக 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டவிடாமல் பார்ப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. இதனால்தான் "அடிக்கடி விழுது, பெரிசா ஒண்ணு போட்டுவிடுங்க" என்பது முதலுக்கே மோசமாகும் யோசனை. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் விழுவது நின்றுவிடும். அதோடு காவலும் நின்றுவிடும். அதன்பின் சுவருக்குள் இருக்கும் வயர்தான் ஃபியூஸ்.

மனித உடம்பின் கணக்கே வேறு. அரை மில்லி ஆம்பியர், ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைச் சுற்றி, பிடித்த கை விடாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு" என்பது இதைத்தான். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நெஞ்சு வழியாகப் போனால் மூச்சும் இதயமும் தடுமாறலாம். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஒருவர் உயிரை எடுக்கும் கரண்ட், எம்.சி.பி.யின் கண்ணுக்கு ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான் தெரியும்.

எர்த்தா, ஆர்.சி.சி.பி.யா

"எர்த் கனெக்‌ஷன் இருந்தால் தகட்டுக்கு வரும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடுமே, எம்.சி.பி. விழுந்துவிடுமே?" நியாயமான கேள்வி. எர்த் நன்றாக இருந்தால் விழும். ஆனால் எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

உங்கள் வீட்டு எர்த், முற்றத்தில் அடித்த ஒரு கம்பிதான் என்று வையுங்கள். மண் காய்ந்து அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டது. மெஷினுக்குள் லைன் வயர் தகட்டில் படுகிறது. 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு. நாள் முழுக்கப் போனாலும் அது அசையாது. தகட்டில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நின்றுகொண்டிருக்கும். சப்ளையோடு சேர்ந்தே எர்த்துக்கான உலோக வழியும் வருகிற அமைப்பில் இந்தத் தடை ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். ஆக, எர்த்தை மட்டும் நம்புகிறவருக்கு மிக நல்ல எர்த் வேண்டும். "மூணாவது ஓட்டையில வயர் இருக்கு" என்பது அதற்குச் சாட்சி ஆகாது.

ஆர்.சி.சி.பி. வேறு விதமாக யோசிக்கிறது. எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது பார்ப்பதே இல்லை. போனது அத்தனையும் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. லைனும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கோ 30 மில்லி ஆம்பியர் வழிதவறிப் போனால் சமன் குலைந்து சாதனம் விழும். அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சீல், எத்தனை மில்லி ஆம்பியரில் கை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்து பார்த்தவர். 1961-ல் இதே தத்துவத்தில் அவர் உருவாக்கிய சாதனம் அங்கே 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே விழும்.

இப்போது அந்த 20 ஓம் எர்த்துக்குத் திரும்பி வாருங்கள். 11.5 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பொருட்டே இல்லை. ஆர்.சி.சி.பி.க்கோ அது தாங்கும் எல்லையைப் போல் 380 மடங்குக்கு மேல். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எர்த் 1,000 ஓம் ஆகிக் கிடந்தாலும் 230 மில்லி ஆம்பியர் கசியும், அதற்கும் விழும். மோசமான எர்த்தையும் வேலைக்கு ஆக்கிவிடுகிறது ஆர்.சி.சி.பி. இரண்டில் எதற்கு முதலில் செலவு செய்வது என்று கேட்டால் நான் ஆர்.சி.சி.பி. பக்கம் நிற்பது இதனால்தான். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஆனால் அங்கே அது விழுவதற்கு ஒரு உடம்பு தகட்டைத் தொட வேண்டியிருக்கும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஆர்.சி.சி.பி. இருந்தால் ஷாக்கே அடிக்காது என்பது பொய். அடிக்கும், வலிக்கும்; நேரத்தைத்தான் அது வெட்டுகிறது. பெரிய கசிவுக்கு 40 மில்லி செகண்டுக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால், போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறது. சமன் குலையவில்லை, அது விழாது. ஓவர்லோடையும் அது பார்க்காது. முகத்தில் 40 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது தாங்கும் அளவு, விழும் அளவு இல்லை; அதனால் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு இதைப் போட முடியாது, இரண்டும் சேர்ந்தே வேண்டும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியரா என்று பாருங்கள். 100, 300 என்று இருப்பவை தீத்தடுப்புக்கு, ஆளுக்கு இல்லை. 'ஏ.சி.' என்று குறித்த வகையைவிட 'ஏ' என்று குறித்த வகையை எடுங்கள்; எலெக்ட்ரானிக் பலகை உள்ள சாதனங்களின் கசிவில் நேர்மின்சாரத் துடிப்பும் கலந்திருக்கும், அதைப் பழைய வகை சரியாக உணராது.

முழு வீட்டுக்கும் ஒன்றா, ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் தனித்தனியா என்பது அடுத்த கேள்வி. ஒன்று போட்டால் செலவு குறைவு. ஆனால் கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர், சார்ஜர் எல்லாமே சரியாக இருக்கும்போதும் துளித்துளியாகக் கசியவிடும். எல்லாம் சேர்ந்து 15 மில்லி ஆம்பியரை நெருங்கினால் காரணமே இல்லாமல் விழ ஆரம்பிக்கும், ஏனென்றால் 30 என்று எழுதியது 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ அனுமதி உண்டு. நாலு முறை இப்படி விழுந்ததும், பொறுமை இழந்தவர் அதை பைபாஸ் செய்துவிடுவார். அப்படிச் செய்யப்பட்ட ஒரு பெட்டியை நான் குடியிருந்த வீட்டிலேயே திறந்தபோது பார்த்தேன், ஆர்.சி.சி.பி. அழகாக வரிசையில் இருந்தது, உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் அதன் பின்னால் நேராகக் கைகோத்திருந்தன. ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது; சர்க்கியூட்டுக்கு ஒன்று போட்டால், குளியலறையில் கசிந்தால் குளியலறை மட்டும் அணையும், ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். கைக்கு எட்டினால் இதுதான் என் தேர்வு. எட்டாவிட்டால், தண்ணீர் புழங்கும் சர்க்கியூட்டுகளுக்கும் வெளிப்புற பாயின்ட்டுக்கும் மட்டும் ஆர்.சி.பி.ஓ., மீதிக்கு ஒரு பொது ஆர்.சி.சி.பி. வாடகை வீட்டில் பெட்டியைத் தொட முடியாதவர்கள், சாக்கெட்டில் சொருகிக்கொள்ளும் வகையையாவது வாஷிங் மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் அது காக்கும்.

எந்தக் கருவியும் பார்க்காத சூடு

எனக்கு ஷாக்கைவிட அதிகப் பயம் தருவது லூஸ் கனெக்‌ஷன். 2 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். சாக்கெட்டுக்குள் ஒரு முனை தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். கரண்டை அதனாலேயே பெருக்கி அரை ஓமால் பெருக்கினால் கிட்டத்தட்ட 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டது மாதிரி. கரண்ட் கூடவில்லை, அதனால் எம்.சி.பி. விழாது. வழிதவறவில்லை, அதனால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. சூட்டில் உலோகம் ஆக்ஸைடு ஏறித் தடை இன்னும் கூடும், தடை கூடினால் சூடு கூடும்.

இதற்கென்று ஒரு கருவி உண்டு. மின்பொறியின் அதிர்வலைகளை வைத்து அடையாளம் காணும் ஏ.எஃப்.டி.டி. அமெரிக்க வயரிங் விதிகளில் படுக்கையறைகளுக்கு இதன் உறவுக்காரரை 1999-லேயே கேட்டுவிட்டார்கள். பழைய வயரிங்கும் மரச்சுவரும் உள்ள வீட்டுக்கு நல்லது. ஆனால் பொறி பறக்காமல் சும்மா கனன்றுகொண்டிருக்கும் முனையை அது பிடித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. விலையையும் சேர்த்துப் பார்த்தால் என் பட்டியலில் இது கடைசியில்தான் வரும்.

இந்த இடத்தில் உங்கள் மூக்கும் கையும்தான் கருவி. மீன் வாடை அடிக்கிறது, மீனே இல்லை என்றால் சாக்கெட்டுகளை முகர்ந்து பாருங்கள். சூடேறும் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து சில நேரம் அப்படித்தான் வாசம் வரும். பிளக்கைப் பிடுங்கும்போது கால் சுடுகிறதா? சுவிட்சைச் சுற்றிப் பழுப்பு வட்டம்? சர்ர்ரென்று பொரிவது போல் சத்தம்? பிளக் சொருகினால் பிடிப்பில்லாமல் தொங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயின்ட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, சரிசெய்யும் வரை ஏற்றாதீர்கள். கருகிய சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. பின்னால் வயர் முனையும் கறுத்திருக்கும், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் பிடிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றைச் சொருகுவதும், சுருட்டியபடியே ஒயரை ஓடவிடுவதும் இதே கதையின் வேறு அத்தியாயங்கள்.

நானே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா

எம்.சி.பி. விழுந்தால், ஏற்றிய நொடியே மறுபடி விழுகிறதா, அரை மணி கழித்து விழுகிறதா என்று கவனியுங்கள். நொடியில் விழுந்தால் ஷார்ட். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில், ஆள் வேண்டும். தாமதமாக விழுந்தால் ஓவர்லோட். ஒரு சாதனத்தை வேறு சர்க்கியூட்டுக்கு மாற்றினாலே தீரலாம். ஆர்.சி.சி.பி. விழுந்தால், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிவந்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்காவிட்டால் நியூட்ரல் எங்கோ எர்த்தோடு ஒட்டியிருக்கலாம். ஒற்றைத் துருவ எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. பிளக்குகளையும் பிடுங்கிப் பாருங்கள். அதன்பிறகும் நிற்காவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

பெட்டியின் மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை. மெயினை இறக்கினாலும் அதற்கு மேல்பக்கம் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டரை வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. நியூட்ரல் அறுந்த வீட்டில் ஒரு விளக்கும் எரியாது, ஆனால் டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரியும்; "கரண்ட் இல்லை" என்று கை வைத்தவர்களை இது ஏமாற்றியிருக்கிறது.

காத்திருக்கவே கூடாத ஒன்று: சில விளக்குகள் பளீரென்று எரிந்து, சில மங்கி, ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால், மும்முனை சப்ளையில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட்டுக்குப் பழகிய சாதனங்கள் 400 வரை பார்க்க நேரும். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வேடிக்கை பார்க்கும். யோசிக்காமல் மெயினை இறக்கி, சப்ளை கொடுப்பவர்களுக்குச் சொல்லுங்கள். இது அடிக்கடி நடக்கிற இடமானால், வோல்ட்டேஜ் ஏறினால் துண்டிக்கும் ஓவர்வோல்ட்டேஜ் ரிலே ஒன்று பெட்டியில் இருப்பது நல்லது. தீ என்றால் மெயின் இறங்கும்வரை தண்ணீர் ஆகாது. உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான், அதுவும் தீ சின்னதாக இருக்கும்போது மட்டும்.

ஒருவரைக் கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள், மெயினைத் தொடுங்கள். மெயின் எங்கே என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இறக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை போன்ற ஒன்றால் விலக்கலாம். உயரழுத்தக் கம்பி என்றால் கிட்டேயே போகக் கூடாது. விலகியதும் மூச்சைப் பாருங்கள், அவசர உதவிக்குச் சொல்லுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும், நினைவு தப்பியிருந்தாலோ நெஞ்சு வழியாகப் போயிருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நாளைக்கே எலெக்ட்ரீஷியன் வருகிறார் என்றால் நான் கேட்கும் வரிசை இது. முதலில் 30 மில்லி ஆம்பியர் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. அல்லது ஆர்.சி.பி.ஓ. அதே வருகையில் பெட்டியிலும் அதிக லோடு பாயின்ட்டுகளிலும் எல்லா ஸ்குருவையும் இறுக்கிப் பார்த்தல். பிறகு எர்த்தை மீட்டர் வைத்து அளந்து எண்ணைச் சொல்லச் சொல்வேன். "நல்லா இருக்கு சார்" என்பதை எண்ணாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். வயரின் தடிமனுக்கு மீறிய எம்.சி.பி. ஏதாவது இருந்தால் அன்றே வயருக்கேற்ற சின்னதாக மாற்றச் சொல்வேன்.

ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. இருக்கிற வீடானால், இதைப் படித்த கையோடு அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வீடு அணைய வேண்டும். அணைந்தால் சாதனம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அது எத்தனை வருடமாக இப்படி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆளைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை வாஷிங் மெஷினை ஓட்ட வேண்டாம்.